ஆயில் இஞ்சின் வரைந்த கோடு

2006 பிப்ரவரி. திருச்சியிலிருந்து இரவெல்லாம் வந்து விடியலில் புதுச்சேரியில் இறங்கினோம். அங்கிருந்து படகு சவாரிக்குப் பேர்போன நோணாங்குப்பம் எட்டு கிலோமீட்டர். கடலூர் பேருந்தில் நான்கு ரூபாய். என் உதவியாளர் பாலுவின் தோளில் சம்மட்டியைப் பார்த்த கண்டக்டர், "இன்னா சார், போட்டிங் போறதுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

பூச்செடி நாற்று வளர்க்கும் அஞ்சலையின் கிணறு உப்பாகிவிட்டது. ஆழ்துளைக் கிணறாக போர் போட ஒரே ஒரு தடவைக்குத்தான் அவரிடம் வசதி, அதனால் முதலில் அடிமண்ணைச் சோதிக்க எங்களை வரவழைத்திருந்தார். களிமண்ணுக்குக் கீழே மணல் படுகை இருந்தால் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். தகடு வைத்துச் சம்மட்டியால் அடித்தால், அதிர்வு இறங்கிப்போய் மண் மாறும் இடத்தில் திரும்பிவரும். தரையில் ஊன்றிய ஜியோபோன்கள் அதைக் கேட்டுத் திரையில் கோடாகக் காட்டும்.

பிற்பகலில் அப்படியொரு கோடு தெரிந்தது. "அக்கா, மணல் இருக்கு போல" என்று பாலு அஞ்சலையிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அஞ்சலை கேன் தண்ணீரில் டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு நல்ல சேதியை உடனே நம்ப வராது. வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்குகிறேன். சாலையில் லாரிகள், தோப்புக்கு அப்பால் கிணற்று நீர் இறைக்கும் அவருடைய ஆயில் இஞ்சின், இரண்டுமே தரையை அதிரவைப்பவை.

"காலையில இன்னொரு தடவை பார்க்கறேம்மா. இஞ்சினை மட்டும் நிறுத்தி வைங்க."

"ஒரு வேளைதான சார், நிறுத்திட்றேன்."

மறுநாள் லாரி நடமாட்டத்துக்கு முன்பே ஜியோபோன்களைக் காற்று படாமல் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தோம். பாலு கை சலிக்க ஒரே இடத்தில் அடித்தான். எல்லா அடிகளின் பதிவுகளையும் ஒன்றாகக் கூட்டினால், வந்துபோகும் இரைச்சல் தேய்ந்து, கீழிருந்து மாறாமல் வருவது மட்டும் நிற்கும். திரை பளிச்சென்று ஆனது. கோட்டைக் காணவில்லை. இஞ்சினைப் போடச் சொல்லிச் சும்மா இரண்டு அடி அடித்தோம், கோடு வந்தது. நிறுத்தினால் போனது.

"அது இஞ்சின் அதிர்வும்மா. கீழ மணல் இல்ல. போர் போடாதீங்க."

அஞ்சலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "அப்ப இஞ்சினைப் போட்டே பதிவு எடுத்துடுங்களேன் சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு சுத்தமான பதிவை நான் அதற்குமுன் எடுத்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. காவிரிக் கரையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அது ஏன் வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

பேருந்துக்கு நின்றபோது தோப்புக்கு அப்பால் இஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியது. உப்போ கரிப்போ, நாற்றுக்கு இருப்பது அந்தத் தண்ணீர்தான்.