வேலைக்கு முன்னால் வந்த வாழ்த்து

விஞ்ஞானி படித்தது ஏழாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் அந்த ஏழாம் வகுப்பை இரண்டு முறை படித்தார். ஆகவே எட்டு வருஷப் படிப்பு என்று அவர் சொல்லிக்கொள்வதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை ஒன்றைத் தனியாளாக ஆரம்பித்து, பெண்ணைப் பெரிய படிப்பு படிக்கவைத்து, மாடி வைத்து வீடு கட்டி, கடைசியில் பட்டறையைத் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தவர். இத்தனையையும் விலாவாரியாகச் சொல்லி முடித்துவிட்டு, "இதெல்லாம் வயித்துப்பாட்டுக்கு. உண்மையில நான் யாரு தெரியுமா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் அதற்குள் செருப்பில் ஒரு காலை நுழைத்திருப்பார்.

"கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவன்!"

தெருவில் அவருக்கு விஞ்ஞானி என்று பேர் வந்தது இப்படித்தான். அந்தப் பேரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. வந்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

ஆரம்பம் ஒரு மின்விசிறி. ஓர் அலுவலகத்தில் அதைக் கழற்றப் போனவர், ஏணி மேல் நின்றபடி கீழே பார்த்தார். குமாஸ்தா ஒருவன் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்ன செய்யும் தம்பி?"

"நாம சொன்னதைச் செய்யும்ணே."

விஞ்ஞானிக்கு ஏணி ஒரு ஆட்டம் ஆடியது. பட்டறையில் அவர் சொன்னதைச் செய்ய ஆள் கிடையாது. வீட்டில், கேட்கவே வேண்டாம். சொன்னதைச் செய்கிற ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது இத்தனை நாளும் யாரோ ஒரு குமாஸ்தாவிடம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

பின்னால் அந்த அலுவலகம் புதுசு வாங்கிப் பழசைக் கழித்துக் கட்டியபோது, அதைச் சைக்கிள் கேரியரில் வைத்து ட்யூபால் இறுக்கிக் கட்டி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலிலேயே மனைவி வழிமறித்தாள்.

"டிவியா?"

"இல்லை."

"பாட்டு கேக்குமா?"

"கேக்காது."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாறாங்கல்லு?"

"சொன்னதைச் செய்யும்."

"நான் சொன்னாலுமா?"

விஞ்ஞானி அதை யோசித்திருக்கவில்லை. "முதல்ல உள்ளே கொண்டுபோக வழி விடு" என்று பேச்சை மாற்றினார்.

பழைய புத்தகம் ஒன்றையும் அகராதி ஒன்றையும் இரண்டு தொடையிலும் வைத்துக்கொண்டு படித்தார். அவருக்கு வந்த ஆங்கிலம் முழுக்க அந்தப் பெட்டிக்கு இடுகிற கட்டளைதான். மனிதர்களிடம் பேச அதில் ஒரு வார்த்தையும் உதவவில்லை. முதல் புரோகிராம் அவரைப் பார்த்து "வணக்கம் முதலாளி" என்றது, ஆங்கில எழுத்தில். பட்டறையில் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி என்று கூப்பிட்ட முதல் ஜீவன் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்தார்: "வேலை முடிந்தது. வாழ்த்துகள்!"

என்ன வேலை, யாருக்கு வாழ்த்து என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த வரி அவருக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு புரோகிராமிலும் அதைத்தான் முதலில் எழுதுவார். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. "பட்டறைக்கு வர்ற ஆளைக் காலையில ரெண்டு வார்த்தை தூக்கிவெச்சுப் பேசினாதான் சாயங்காலம் வரைக்கும் இழுப்பான். மெஷின் மட்டும் என்ன, வேற சாதியா?"

மெஷின் வேறு என்பது சீக்கிரமே தெரிந்தது, அவரைத் தவிர மற்றவர்களுக்கு. காயிலுக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதினார். ஒரு புள்ளி இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அதன்படி கட்டிய மோட்டாரை மாவு மில்காரர் மறுநாளே தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, இது சுத்தலை. முனகுது."

"கணக்கு சரின்னு வந்துச்சே! வாழ்த்துகள்னுகூட வந்துச்சு!"

"அந்த வாழ்த்தை வெச்சு நான் மாவரைக்க முடியுமா?"

அப்புறம் கட்டம் போட்டு விளையாடுகிற ஒரு விளையாட்டு. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகள் ஆடி ஜெயித்தாள். பெட்டி அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னது. "அப்பா, நான்தானே ஜெயிச்சேன்?" என்று அழுதாள். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று தேற்றினார். தேற்றினாரா? அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார்.

காணாமல்போன மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்கக்கூட ஒன்று எழுதினார். கடைசியாக எந்த அறையில் இருந்தீர்கள், படுத்திருந்தீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா என்று திரையில் வரிசையாகக் கேள்வி வரும். அருமையான புரோகிராம். அந்தக் கேள்விகளைப் படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

பெட்டிகள் மாறின. திரை மெலிந்தது, தமிழ் எழுத்து வந்தது, விஞ்ஞானிக்குத் தலை நரைத்தது. மகள் வளர்ந்து வெளியூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்யப் போனாள். போனில் ஒருநாள் சொன்னாள்: "அப்பா, நீங்க எழுதுற எல்லாத்துலயும் ஒரே தப்பு. வேலை முடியறதுக்கு முன்னாடியே வாழ்த்திடுறீங்க. வேலை நடந்துச்சான்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லச் சொல்லுங்க."

"நீ கூலிக்கு எழுதுற. நான் ஆசைக்கு எழுதுறேன். ரெண்டும் ஒண்ணாயிடுமா?" என்று போனை வைத்தார்.

இத்தனை எழுதியும் அவர் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஒரு புரோகிராம்கூட அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. அவர் கட்டிய மோட்டார் எத்தனையோ ஊரில் ஓடுகிறது. அவர் எழுதியது எதுவும் பக்கத்து வீட்டில்கூட ஓடவில்லை. கண் மங்கிக்கொண்டே வந்தது. மங்கி முடிவதற்குள் ஒன்றே ஒன்றாவது வெளியில் ஓட வேண்டும். வாய்விட்டுச் சொல்லமாட்டார். மனைவிக்குத் தெரியும்.

அதற்குத் தகுதியான ஒன்று அவரிடம் இருந்தது. தண்ணீர்த் தொட்டிப் புரோகிராம். மாடித் தொட்டிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் நிறைந்ததும் அது மேலே வந்து கம்பி வழியாகப் பெட்டிக்குச் சேதி சொல்லும். பெட்டி ஒரு சின்ன சுவிட்சைத் தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தும். பல வருஷமாகத் தினமும் காலையில் முன்னறையில் உட்கார்ந்து பார்ப்பார். திரையில் வரும்: "தொட்டி நிறைந்தது. மோட்டார் நின்றது. வாழ்த்துகள்!" அதையடுத்து எங்கோ உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் அடங்கும். "பார்த்தியா!" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்துவார். "பார்த்தேன், பார்த்தேன்" என்று பதில் வரும்.

தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய தொட்டி உண்டு. காவல்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். தினமும் தெருவில் வெள்ளம். இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று தெருச் சங்கத்தில் பேச்சு எழுந்தபோது விஞ்ஞானி எழுந்து நின்றார். "என் வீட்டுக்கு வாங்க. ஒரு சொட்டு வெளியே விழுந்தா நான் புரோகிராம் எழுதுறதையே விட்டுடுறேன்!"

சங்கச் செயலாளர், இஸ்திரி மடிப்புக் கலையாத மனுஷர், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார். விஞ்ஞானி அவரை வாசலில், மாடியிலிருந்து வழியும் குழாய்க்கு நேர் கீழே நிறுத்தினார். "நீங்கதான் சாட்சி. நல்லா அண்ணாந்து பாருங்க." மனைவியைக் கூப்பிட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "இன்னைக்கு நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது. உன் வீட்டுக்காரன் பெருமையை உட்கார்ந்து பாரு."

மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மனைவி நெளிய ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஒரு நிமிஷம் உள்ளே போயிட்டு வந்துடுறேன்."

"உட்காரும்மா."

"அடுப்புல ஏதோ..."

"அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு, நான் பார்த்தேன். நாலு பேர் வந்திருக்கும்போது என்ன ஓட்டம்?"

"அய்யோ, சொன்னா கேளுங்க..."

திரையில் எழுத்து மின்னியது. "தொட்டி நிறைந்தது. மோட்டார் நின்றது. வாழ்த்துகள்!" வந்தவர்கள் கைதட்டினார்கள். விஞ்ஞானி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் சோவென்று ஒரு சத்தம், அதற்கு மேல் "ஐயையோ!" என்று இன்னொரு சத்தம். வழிகிற தண்ணீர் முழுவதும் செயலாளர் அண்ணாந்த முகத்திலேயே இறங்கியது. படியில் கழற்றிவிட்ட செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருப்பக்கம் கிளம்பின.

"மோட்டார் நின்னுடுச்சுங்க! திரையில வந்தாச்சு!" என்று விஞ்ஞானி உள்ளேயிருந்து கத்தினார்.

"எனக்கு நிக்கலை!" என்று செயலாளர் வெளியேயிருந்து கத்தினார்.

மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். டக்.

மோட்டார் அடங்கியது.

அந்த 'டக்'கை விஞ்ஞானிக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாகத் தினமும் காலையில் அவர் மார்பை விரியவைத்த 'டக்'. மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார். அது சமையலறைப் பின்சுவரில் இருக்கிற சுவிட்ச். அதன்மேல் மனைவியின் கை இருந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டார். "எவ்வளவு நாளா?"

"ஒரு இடி விழுந்து தெருவே இருட்டாச்சே, அதுலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். அந்தத் திரையைக் காட்டி, 'இதுல என்ன எழுதியிருக்கு, படி'ன்னீங்க. படிச்சேன். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், சின்ன சுவிட்ச் கருகி எந்தக் காலமோ. மிதவை சேதி சொன்னதும் புரோகிராம் முதலில் தன்னைத்தானே வாழ்த்திக்கொண்டது. பிறகு சுவிட்சைத் தட்டியது. தட்டியது விழுந்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டாரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், மோட்டாரை ஒரு வார்த்தை கேட்காமலே மோட்டார் நின்றது என்று எழுதிவைத்திருந்தார். பெட்டி அச்சு அசலாக அவரையே உரித்து வைத்திருந்தது. சொன்னதைச் செய்யும் என்று குமாஸ்தா சொன்னது எவ்வளவு நிஜம்!

"இனிமே எழுதலை. வாக்குன்னா வாக்கு" என்று பெட்டிக்கு ஒரு துண்டைப் போர்த்தினார். அந்த வாரம் முழுக்க அவர் யாரிடமும் தன்னைப் பற்றிப் பேசவில்லை. தெருவில் சிலர் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்கள்.

கடைசியில் துண்டை எடுத்தது மனைவிதான். "நான் எத்தனை நாளைக்கு அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்துலயே நிக்கிறது? எனக்காகவாவது சரி பண்ணுங்க."

மகளைப் போனில் கூப்பிட்டார். அவள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார், அதுவே பெரிய மாற்றம். சுவிட்சை மாற்றினார். மோட்டாருக்குப் போகிற கரண்ட் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும் என்று புரோகிராமுக்குச் சொன்னார். அப்படியும் மனசு ஆறவில்லை. மோட்டார் நின்ற பிறகு திரையில் ஒரு கேள்வியை வைத்தார்: "அம்மா, பார்த்தீங்களா?" அவள் வாசலுக்குப் போய்க் குழாயைப் பார்த்து, பின்பக்கம் போய் மோட்டாரில் காதை வைத்துக் கேட்டு, திரும்பி வந்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் "வாழ்த்துகள்" வரும். முதல் நாள் அவள் வேண்டுமென்றே துணி காயப்போட்டுவிட்டு நிதானமாக வந்து அழுத்தினாள்.

அதற்குள் பொதுத்தொட்டித் தண்ணீர் செயலாளர் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வந்தார். விஞ்ஞானி வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். அம்மா, நீங்க சொல்லுங்க. இப்ப ஓடுதா?"

விஞ்ஞானி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படி நின்றதில்லை. அதிலேயும் ஏழாம் வகுப்பில் ஒருமுறை தோற்றவர்.

"ஓடுதுங்க. நானே தினமும் பார்க்குறேன்" என்றாள்.

காவல்காரர் அறையில் பெட்டி ஏறியது. முதல் நாள் தெருவே கூடியது. எல்லோரும் குடையோடு. குழாய்க்குக் கீழே இந்தத் தடவை விஞ்ஞானியே போய் அண்ணாந்து நின்றார். மோட்டார் ஓடியது. அடங்கியது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"விழுந்துச்சே!" என்றார் செயலாளர்.

விஞ்ஞானி தொட்டு முகர்ந்து பார்த்தார். "இது காக்கா."

சிரிப்பு அடங்கிய பிறகு காவல்காரர் அறைக்குள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஐயா, மோட்டார் நின்னுடுச்சு. ஆனா பெட்டி எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது. 'அம்மா, பார்த்தீங்களா'ன்னு கேக்குது!"

விஞ்ஞானி தலையில் கை வைத்தார். வீட்டில் இருந்ததை அப்படியே தூக்கி வைத்துவிட்டார். அந்த ஒரு வரியை எடுக்க மறந்துபோனார்.

"அழிச்சுடுறேன், ஒரு நிமிஷம்..."

"இருக்கட்டும் பெரியவரே, அதுதான் எங்களுக்கு உத்தரவாதம்" என்ற செயலாளர், கையை வாய்க்குக் குவித்துத் தெருக்கோடி வீட்டைப் பார்த்துக் கூவினார். "அம்மா! உங்களைத்தான் கேக்குது, வாங்க!"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். வந்தவள் நேராகத் திரைக்குப் போகவில்லை. குழாயை அண்ணாந்து பார்த்தாள். மோட்டார் மேல் கை வைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் நெற்றியைப் பார்த்து, முந்தானை நுனியால் துடைத்துவிட்டாள். அப்புறம்தான் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினாள்.