பதினொன்று இருபதுக்குப் படகேறியவர்கள்

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இறுதிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அளக்காத எண்ணை அட்டையில் எழுதக் கூடாது. அந்த ஒரு விதிக்காக இரண்டு சூப்பர்வைசர்களோடு சண்டை போட்டு, கெட்ட பேரும் வாங்கியிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவள். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். 'அடியே' என்பதற்குப் பதில் 'கணே' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். கடலுக்கடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை எனக்குக் கிளப்பிவிட்டவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லை தாண்டிப் போய், பெங்களூரில் ஒரு நீச்சல் குளத்தில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தோம்.

"நாப்பது வயசுல மீன் புடிக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். உத்தனப்பள்ளியில் எங்கள் நிலத்துக் கிணற்றில் குதித்து நீந்தியவள் நான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் முறை அந்தமான் போய்ச் சான்றிதழ் வாங்கினோம். இரண்டாம் முறை போனபோது, நீரோட்டத்தோடு போகும் டைவ் ஒன்றுக்குப் பேர் கொடுத்தோம். அதில் நங்கூரம் போடுவதில்லை. ஓரிடத்தில் குதித்து இறங்கினால், பவளப்பாறைச் சுவர் ஓரமாக ஓட்டமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். கூட இறங்கும் வழிகாட்டி கயிற்றில் கட்டிப் பிடித்திருக்கும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று மேலே கூடவே வரும். அதைப் பார்த்துக்கொண்டு படகு பின்னாலேயே வர வேண்டும். அந்தப் படகை நம்பித்தான் ஆள் தண்ணீரில் இறங்குகிறான்.

வழிகாட்டி ஐம்பது வயதுக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் தீவுக்குப் போய்த் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். "கைய வீசாதீங்கக்கா. ஓட்டம் எங்க கொண்டு போகுதோ அங்க போவோம்" என்றார்.

அந்த நாற்பத்தைந்து நிமிடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விசிறி போன்ற பவளங்கள் எல்லாம் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றன. மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று எங்களுக்கு எதிரே, இடம் மாறாமல் நீந்திக்கொண்டிருந்தது. நாங்கள் அசையாமல் கிடந்தோம். பாறைதான் எங்களைக் கடந்து ஓடுவது போலிருந்தது. என் தோழி தண்ணீருக்குள்ளேயே சிரித்தாள். வாயிலிருந்த குழாய் நழுவப் பார்த்தது.

மேலே வந்தபோது கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. படகு இல்லை.

முதலில் அலைதான் மறைக்கிறது என்று நினைத்தோம். வழிகாட்டி விசில் ஊதினார். திரும்பத் திரும்ப ஊதினார். ஓட்டம் எங்களைத் தீவின் முனையைத் தாண்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. தென்னை மரங்கள் சிறுத்துக்கொண்டே போயின. மூன்று பேரும் ஒருவர் உடுப்புப் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். தோழி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். "என் பசங்களுக்கு நான் இங்க வந்தது தெரியாது கணே, ஊட்டிக்குப் போறன்னு சொல்லிட்டு வந்தன்" என்றாள். நான் அவள் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மீன்பிடிப் படகு ஒன்று ஆரஞ்சு மிதவையைப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பியது. அதிலிருந்தவர்கள் எங்களைப் படகில் தூக்கிப் போட்டபோது மணி பன்னிரண்டு ஐம்பது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கரையில் எங்கள் படகு நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நாங்கள் தண்ணீருக்கடியில் இருக்கும்போது எங்கள் டைவுக்கு ஏற்பாடு செய்த கடைக்காரர் அவருக்குப் போன் செய்து, படகுத்துறையில் காத்திருந்த வேறு கூட்டத்தை ஏற்றிவரச் சொல்லியிருக்கிறார். போன இடத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. சரி, இயந்திரம் நிற்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று பேர் கடலில் இருக்கிறார்கள் என்று தெரிந்த கடைக்காரர், ஒன்றரை மணி நேரம் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற படகுகளைக் கூடக் கூப்பிடவில்லை. சொன்னால் விஷயம் வெளியே போய்விடுமாம்.

கடைக்காரர் சென்னையில் படித்தவர், நல்ல தமிழ் பேசினார். "அதான் பத்திரமா வந்துட்டீங்களே மேடம். கடல்னா அப்படித்தான். டீ சாப்பிடுங்க."

டீ! தம்ளரை மேசையில் வைக்கப் போனபோதுதான் கடையின் டைவ் பதிவேடு கண்ணில் பட்டது. இறங்கிய நேரம் பத்து முப்பத்தைந்து. ஏறிய நேரம் பதினொன்று இருபது. மூவரும் நலமாகப் படகேறினர். கீழே வழிகாட்டியின் கையெழுத்து.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்த நேரத்தில் இந்தக் காகிதம் எங்களைப் படகில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறது. நாங்கள் அப்படியே போயிருந்தாலும், "ஏறினார்கள், இறங்கிப் போனார்கள், அப்புறம் எங்களுக்குத் தெரியாது" என்று கை காட்ட ஒரு வரி தயாராக இருந்திருக்கிறது.

"யாருங்க இத எழுதுனது?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி மேடம்."

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். ஈர உடுப்போடு வாசலில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'பொய். மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்ட நேரம் 12.50.' கையெழுத்தும் போட்டேன். கடைக்காரர் பதிவேட்டைப் பிடுங்கினார். அதற்குள் தோழி போனில் படம் எடுத்துவிட்டாள். ஆனால் வெளியே வந்ததும் அவளே என் கையைப் பிடித்து, "பேடா கணே, வேணாம், விட்டுடு. உயிரோட வந்துட்டோம், அது போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. ஊர் திரும்பிய வாரமே, டைவ் கடைகளுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குப் படத்தோடு புகார் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பதிவேட்டின்படி அனைவரும் 11.20-க்குப் படகேறியுள்ளதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. எந்த வரி பொய் என்று புகார் சொன்னேனோ, அந்த வரியையே சாட்சியாக வைத்திருக்கிறார்கள்! கேன்டீனில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "உங்கள யாரு அங்க போகச் சொன்னது?" என்று ஒருவர் கேட்டார். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் வழிகாட்டி போன் செய்தார்.

"அக்கா, நான்தான். வேலைய விட்டுட்டேன்."

"அந்தக் கையெழுத்து உங்களுதுதானேண்ணே?"

"என்னுதுதான். அன்னன்னைக்கு எல்லாத் தாளுக்கும் காலையிலேயே போட்டுக் குடுத்துடுவோம். கடைக்குப் போனா மொத வேலையே அதான். எனக்கும் பொண்ணு இருக்குக்கா. நடந்தத நான் எழுதித் தரேன்."

எழுதித் தந்தார். காலையிலேயே கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்களின் படங்களையும் சேர்த்து அனுப்பினார். அதையெல்லாம் வைத்து இரண்டாவது புகார் அனுப்பினேன். படகு ஓட்டுநரும் அன்று கரையில் சொன்னதை மாற்றவில்லை. இம்முறை அதிகாரி ஒருவர் நேரில் போனார். கடைக்குப் பூட்டு விழுந்தது.

நான்கு மாதம். அதற்கப்புறம் அதே கட்டடத்தில், அதே படகோடு, வேறு பெயர்ப்பலகை போட்டுத் திறந்துவிட்டார்கள். வழிகாட்டிக்குத்தான் அந்தத் தீவில் யாரும் டைவ் வேலை தருவதில்லை. உண்மையைச் சொன்னவர் இப்போது வலை இழுக்கிறார். பலகையின் படத்தை அவர்தான் அனுப்பிவைத்தார்.

அதைத் தோழியிடம் காட்டினேன். விட்டுவிடு என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இந்த வாட்டி நானும் கையெழுத்துப் போடறன், எழுது" என்றாள். மதிய இடைவேளையில் உட்கார்ந்து மூன்றாவது புகாரை எழுதினோம்.