இல்லை என்று சொன்ன இடம்

“உள்ளுக்குப் போயிக் கதவைச் சாத்துங்க தம்பி. சாத்திட்டீங்களா? இப்பத் தாப்பாளைப் போடுங்க. சத்தம் எனக்குக் கேக்கணும்.”

கைத்தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தையல் மெஷினை மிதித்தபடியே பரிமளம் காத்திருக்கிறார். நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால், நிலாவெளிப் பக்கத்தில், கூடாரம் அடித்துத் தங்க இடம் கொடுக்கும் ஒரு மனிதர் தன் சொந்தக் கக்கூசுக்குள் தன்னையே பூட்டிக்கொள்கிறார். டக்கென்று ஒரு சத்தம் வருகிறது. பரிமளத்துக்கு அது போதவில்லை. “அது சும்மா மாட்டின சத்தம். தள்ளினாத் தொறந்துக்கும். வெளிய இருந்து யாரையாச்சும் தள்ளிப் பாக்கச் சொல்லுங்க.”

தாழ்ப்பாளில் தேறியவருக்கு அடுத்தது வாளி. குழாயைத் திறந்து, வாளிக்குப் பக்கத்தில் போனைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் விழும் சத்தம் கனமாக ஆரம்பித்து நடுவில் மெலிந்தால், தண்ணீர்த் தாங்கி சின்னது என்று அர்த்தமாம். கடைசியாகப் போனைக் கடல் பக்கம் நீட்டச் சொல்வார். அலை எப்படி என்று கேட்க மாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். மெஷின் ஓடும் சத்தத்திலேயே ஊசி தேய்ந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவர். கடலும் அவருக்கு ஒரு மெஷின்தான்.

மாத்தளையில் திருகோணமலை வீதி என்று ஒரு வீதி இருக்கிறது. அதில் ஒரு மசாலாத்தூள் கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் இருபத்தேழு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கும் பரிமளம், திருகோணமலையை ஒருமுறையும் பார்த்ததில்லை. கூடாரத்தில் படுத்ததில்லை. மணல் என்றாலே முகம் சுளிப்பார். “சோத்துல ஒரு பருக்கை விழுந்தா அன்னிக்கு பூரா பல்லுல நறநற” என்பார், எங்கே விழுந்து கண்டாரோ. ஆனாலும் ஓகஸ்ட் விடுமுறையில் அந்த வரிசைக் கடைக்காரக் குடும்பங்கள் எந்தக் கடற்கரையில் கூடாரம் அடிப்பது என்று தீர்மானிப்பவர் அவரே. இத்தனைக்கும் அவருடைய கடையின் பின்கட்டில் உள்ள கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு துண்டு நாடா கட்டியிருக்கிறது.

இந்தப் பதவி அவர் தேடிப் போனதல்ல. மூன்று வருஷத்துக்கு முன் முதல் பயணத்துக்கு இடம் பிடித்தவர் அஜந்தன், போன் கடைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். போனில் படம் பார்த்துப் பிடித்தார். படத்தில் இருந்த கடல் அங்கேயும் இருந்தது. படத்தில் இல்லாத கக்கூஸ் அங்கேயும் இல்லாத மாதிரித்தான். இருந்த ஒன்றுக்கும் கதவுக்குப் பதிலாகச் சாக்கு, ஆட்கள் பதினாறு. கல்யாண உடுப்பு வேலை இருக்கிறதென்று மாத்தளையிலேயே தங்கிவிட்ட பரிமளம், திரும்பி வந்தவர்களின் புலம்பலை ஒரு மாதம் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமா?”

அடுத்த வருஷம் அவரே கோல் எடுத்தார். போனவர்கள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் அப்போதும் போகவில்லை. உடுப்பு வேலை.

போன வருஷம் யாருமே போகவில்லை. ஜூலை மாதக் காலை ஒன்றில் அவருடைய கணவர் காளிமுத்து கடை வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கோப்பை கையிலிருந்து நழுவியது. கோப்பைக்காகத் திட்டப் பரிமளம் வாய் திறப்பதற்குள் ஆளும் சரிந்துவிட்டார். மசாலாக் கடை றுக்ஸானா வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பிக் கதவை இழுத்தார். அஜந்தன் துணி வெட்டும் பலகையைக் கழற்றி, காளிமுத்துவை அதில் கிடத்தினார்; நாலு பேருமாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டொக்டர். பாரிசவாதம் இடது பக்கத்தோடு நின்றது. ஓகஸ்ட்டுக்குப் பேசி வைத்திருந்த வேனை வரிசைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைப் பரிமளம் மாதக்கணக்கில் கழித்தே கேள்விப்பட்டார்.

இதற்கெல்லாம் அவர் நன்றி சொன்னதாக எவருக்கும் ஞாபகம் இல்லை. அவருக்கு நன்றி வாயில் வராது; குறை வரும். அஜந்தனுக்கு ஒரு சேட்டுத் தைத்துக் கொடுத்தபோது, “துணி மிஞ்சிப்போச்சு, வீசவா முடியும்? கூனாம நில்லு, அப்பத்தான் தோள் உக்காரும்” என்றார். றுக்ஸானாவின் புது அபாயாவுக்கு உள்பக்கம் ஒரு பை வைத்து, “சாவியை எங்கயாச்சும் வச்சிட்டு ஊரையே கூப்புடுற ஆளுக்கு இது வேணும்” என்றார். இருவரும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். அந்த வரிசையில் எல்லோருக்கும் அந்தப் பாஷை புரியும்.

இந்த வருஷம் ஜூன் மாதமே போனைக் கையில் எடுத்தார். ஜூலை முடிவதற்குள் பதினொரு இடங்களைத் தள்ளிவிட்டார். ஓரிடத்தில் வாளி மெலிந்தது. ஓரிடத்தில் பொம்பிளைகள் உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை. நாள் பூரா நிழல் என்று அடித்துச் சொன்ன ஒருவரிடம், “அப்ப ஒங்க ஊருக்கு சூரியன் வர்றதில்லையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

றுக்ஸானா ஒரு பின்னேரம் வாசலில் வந்து நின்றார். “அக்கா, ஒங்களுக்குக் கடலே இல்லாத கடற்கரைதான் சரி வரும். செல்லுங்க, தேடிப் பாப்பம்.”

“தேடு. கெடைச்சா மொதல்ல தாப்பாளைப் பாரு.”

உண்மையில் பதினொரு இடங்களையும் கவிழ்த்தது தாழ்ப்பாளுமல்ல, வாளியுமல்ல. இந்த வருஷம் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது. கூடாரத்திலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி, நடுவில் மணல் எப்படி? எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “பக்கத்துலதான் அக்கா.” கழுத்தைக் கால் அங்குலம் கூட்டி வெட்டினால் ரவிக்கையே வீண் என்று அறிந்த கைக்கு, பக்கம் என்பது ஓர் அளவல்ல.

கேள்வி யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கடைக்குள் மெஷினுக்குப் பின்னால் ஒரு வாங்கில் அமர்ந்து, வலது கையால் நூல் பிசிறு எடுத்துக்கொண்டிருந்த காளிமுத்து ஒவ்வொரு கோலையும் கேட்டுக்கொண்டிருந்தார். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் இருபது வருஷம் மூட்டை தூக்கிய நாட்டாமி அவர். ஊன்றப் பொல்லும் ஓர் ஆள் தோளும் இருந்தால் இப்போது வாசல்வரை நடப்பார். பதினோராவது இடமும் போனபிறகு வாய் திறந்தார்.

“நீ எடம் தேடுறியா புள்ள, தள்ளிப்போடுறியா?”

பரிமளம் திரும்பவில்லை. “மணல்ல கால் பொதைஞ்சு விழுந்தா அந்தக் கடலா வந்து தூக்கும்?”

“திருகோணமலைக்கு எத்தனை லொறி கோவா ஏத்திவிட்டிருப்பேன்! அந்தக் கோவாவெல்லாம் பாத்த கடலை நான் பாக்கல. ஒரு தரம் காலை நனைச்சிட்டு வந்துர்றேன். அதுக்கப்புறம் நீ சொல்ற எடத்துல உக்காந்துக்கிறேன்.”

பரிமளம் மெஷினை நிறுத்திவிட்டு அடுத்த நம்பரை அழுத்தினார்.

பன்னிரண்டாவது கோலில் கிடைத்தவர் நப்லான். இருபத்தெட்டு வயதிருக்கலாம், கடலோரத்தில் வாப்பா விட்டுப்போன தென்னந்தோட்டத்தில் கூடாரங்கள் போட்டிருப்பவர். தாழ்ப்பாள் கணீரென்று விழுந்தது. வாளி மெலியாமல் நிறைந்தது. பரிமளம் தன் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“நூற்றிப் பத்து அடி அக்கா,” என்றார் நப்லான். “மணல் மிச்சம் இளக்கம். கணுக்கால் முழுசாப் புதையும். ஆருக்குக் கேக்குறீங்க, சுகமில்லாத ஆளுக்கா?”

“எங்க வீட்டுக்காரருக்கு. எடது கால் இழுத்துக்கிட்டு நடப்பாரு.”

“அப்ப எங்கட இடம் சரிவராது அக்கா. ஏலும் எண்டு சொல்லிக் கூப்பிட்டா, பிறகு அவர் கரையில இருந்து பாத்துட்டுத்தான் போகணும். அது பாவம்.”

பரிமளம் “சரி” என்று வைத்தார். அன்று ஒரு ரவிக்கையின் இரு பக்கமும் இடது கையையே தைத்துவிட்டு அதைப் பிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை றுக்ஸானாவைக் கூப்பிட்டார்.

“பதினொரு பேரு ஆமான்னான். ஒருத்தன் இல்லைன்னான். அவன்கிட்டதான் போறோம்.”

“என்னக்கா இது, இல்லையெண்டு செல்லியவன்கிட்டயா?”

“ஆமான்னவன்கிட்ட போனா, எது இல்லைன்னு நாமதானே கண்டுபிடிக்கணும்? இவன் அந்த வேலையையும் செஞ்சு வச்சிருக்கான்.”

பிறகு நப்லானுக்கே கோல். “தம்பி, நூத்திப் பத்து அடின்னீங்களே, வாயால சொன்னதா, அளந்ததா?”

“கயிறு புடிச்சு அளந்தது அக்கா.”

“நல்லது. அதுல கால் பொதையாம நடக்க என்ன செய்யலாம்?”

நப்லான் போனோடு மணல் பக்கம் நடந்தார். அலைச் சத்தம் கிட்ட வந்தது. “கிடுகு விரிக்கலாம்,” என்றார் நப்லான் மெதுவாக. “பின்னின தென்னோலை. ரெண்டு அடுக்குப் போட்டா ஆளைத் தாங்கும் போல கிடக்கு. இருநூறு கிட்ட வேணும். எனக்கு ஏன் இது நேத்தே தோணல்ல?”

அகலம் எவ்வளவு என்று பரிமளம் சும்மா வாயால் சொல்லவில்லை. றுக்ஸானாவையும் காளிமுத்துவையும் கடை நடுவில் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, மூன்று பேரின் தோளுக்கும் குறுக்காக டேப்பைப் பிடித்தார். ஐந்தடி நாலு அங்குலம். அதைப் போனில் சொல்லிவிட்டு, “ஓரம் தூக்கிக்கிட்டு நின்னா கால் தடுக்கும், பாத்துக்குங்க” என்று வைத்துவிட்டார்.

“ஒரு ஜஸாக்கல்லாஹ், ஒரு நன்றி செல்லீக்கலாமே அக்கா!” என்றார் றுக்ஸானா.

“விரிக்கட்டும் மொதல்ல.”

ஓகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை வேன் புறப்பட்டது. இந்த முறை பரிமளமும் ஏறினார். உடுப்பு வேலை கடையிலேயே குவிந்து கிடந்தது. தம்புள்ளையில் லொறிகள் வழிமறித்து நின்றபோது காளிமுத்து யன்னலால் தலையை நீட்டி ஒரு பழைய கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். எவரோ திரும்பிப் பார்த்தார்கள். அவரா என்று தெரியவில்லை. மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். மணல் சூடாறட்டும் என்று நாலு மணிவரை எல்லோரையும் தென்னைகளுக்குக் கீழே உட்கார்த்திவைத்தார் பரிமளம்.

கிடுகுப் பாதை கிடந்தது. தென்னை நிழலில் தொடங்கி, நேரே போய், ஈரமணல் இறுகும் இடத்தில் முடிந்தது. விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு நப்லான் விரிக்கத் தொடங்கியிருக்கிறார். காற்றுக்குத் தூக்காமல் ஓரமெல்லாம் குச்சி அறைந்திருந்தது. பரிமளம் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் தனியாக நடந்தார், ஒவ்வொரு பொருத்தையும் பாதத்தால் அழுத்தி, தைத்து முடித்த மடிப்பை விரலால் பார்ப்பதுபோல. நடுவழியில் நின்று கீழே காட்டினார். நப்லான் ஓடிவந்து குந்தி இன்னொரு குச்சி அறைந்தார்.

“இனிச் சரி,” என்றார் பரிமளம். அவர் இப்படிச் சொல்லிக் கேட்டதேயில்லை என்று அஜந்தன் பிறகு சொன்னார்.

இடப்பக்கம் பரிமளம், வலப்பக்கம் அஜந்தன், நடுவில் காளிமுத்து. இடது கால் ஓலையில் கீறிக்கொண்டு வந்தது. நப்லான் முன்னால் பின்பக்கமாக நடந்தார். இடையில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். குளிக்கும் உடுப்போடு பிள்ளைகள் பாதையின் இரு பக்கமும் ஒற்றைக் காலில் மாறி மாறித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். கடல் இருபது எட்டில் கிடந்தது. ஒரு பிள்ளையும் அவருக்கு முன்னால் இறங்கவில்லை. யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லவும் இல்லை.

தண்ணீர் வந்து காளிமுத்துவின் இரண்டு கால்களையும் சுற்றிக்கொண்டு போனது.

“குளிருது,” என்றார். பிறகு, “இந்தக் காலுக்கும் லேசாத் தெரியுது புள்ள.”

“பொய் சொல்லாதீங்க.”

“பொய்தான்,” என்று சிரித்தார்.

பிள்ளைகள் கூச்சலோடு விழுந்தார்கள். காளிமுத்து நகர மாட்டேன் என்றார், ஆனால் வலது தொடை நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் பரிமளத்துக்கு உறைத்தது. தாழ்ப்பாளைக் கேட்டு, வாளியைக் கேட்டு, அடியை, அகலத்தைக் கேட்டவர், தண்ணீர்வரை நடந்துபோன மனிதர் எதில் உட்காருவார் என்று மட்டும் கேட்கவில்லை. நப்லான் பரிமளத்தின் முகத்தைப் பார்த்தார். சொல்வதற்கு முன்பே தோட்டத்தை நோக்கி ஓடினார்.

தொடை பொறுக்கவில்லை. அஜந்தன் தாங்கிப்பிடித்து ஈரமணலில் மெல்ல இறக்கினார். பின்னால் சாய ஒன்றுமில்லை. பரிமளம் சுற்றிவந்து, சாரியோடு அப்படியே தண்ணீரில் அமர்ந்து, தன் முதுகை அவர் முதுகுக்குக் கொடுத்தார். காளிமுத்து சாய்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் கடல் முழுவதும். பரிமளத்துக்கு முன்னால் தென்னைகளும் கூடாரங்களும் கிடுகுப் பாதையும். அலை வந்து இருவரையும் தாண்டிப்போய், பரிமளத்தின் மடியில் மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

அந்தப் பாதையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க நப்லான் ஓடிவந்தார். பாதை முடியும் இடத்தில் வந்து, இருவரும் முதுகுக்கு முதுகாக இருப்பதைக் கண்டு, நாற்காலியை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். விடியலிலிருந்து குந்தியிருந்த முழங்கால்களில் மண் அப்பியிருந்தது.

பரிமளம் தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைக் காட்டினார். பிறகு நப்லானைக் காட்டினார். உட்கார் என்று கையைத் தாழ்த்தினார்.