கல்யாண ட்ரோனும் கவர்மெண்ட் ஆகாயமும்

ட்ரோன் ஓட்டுகிறவனுக்குப் பறப்பது பத்து நிமிஷம், அதற்காக அலைவது பத்து நாள். நீங்களும் அரசாங்கக் கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்று, "படிவம் முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு வீடு திரும்பியவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

கண்டி டவுனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பாடசாலை விளையாட்டுப் போட்டி, எதையும் விடுவதில்லை. ட்ரோன் நான் ஓட்டுவேன். எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குவது தவம் அண்ணன், கிளிநொச்சிப் பக்கத்துக்காரர். மேலிருந்து எடுத்த படத்தை அவரைப் போல அழகாக வெட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் ட்ரோன் கிளம்பும் சத்தம் கேட்டால் போதும், மனிதர் கூரைக்கு அடியில் போய்விடுவார். அப்புறம் அது இறங்கிப் பெட்டிக்குள் போனால்தான் வெளியே வருவார்.

இந்த வருஷம் அவருடைய ஒரே மகள் துஷாவுக்குக் கல்யாணம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்து போவதை மேலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவரோ, "எல்லாரையும் எடுங்கோ தம்பி, எனக்கு உள்ளுக்கு வேலை இருக்கு" என்று கழன்றுகொண்டார். ஒருநாள் துஷா தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"அங்கிள், அப்பாவ எப்படியாச்சும் வெளிய கொண்டு வந்துருங்க. நான் வேற சீதனமே கேக்கல."

காவலுக்கு ஒரு சார்ஜன்

கல்யாணத்துக்கு ட்ரோன் பறக்க வேண்டுமானால் என் கையில் நாலு கடிதம் இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்துக்காரருக்கு ஒன்று, பாதுகாப்பு அமைச்சுக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, மண்டபக்காரரின் சம்மதம் ஒன்று. மாப்பிள்ளை ஜாதகத்தைக்கூட இத்தனை பேர் பார்ப்பதில்லை.

அப்படி எல்லாம் சரியாக இருந்த முதல் கல்யாணத்துக்கு, ட்ரோனைக் கண்காணிக்கப் பொலிசிலிருந்து ஒரு சார்ஜனை அனுப்பினார்கள். நல்ல மனிதர். சிங்களவர், தமிழ் சரளமாகப் பேசுவார், என்னை "மல்லி" என்று தம்பி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். ட்ரோன் கிளம்பியதும் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். அது பலாமரத்தைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் வடையும் மறு கையில் என் சட்டை நுனியுமாக இருந்துவிட்டார்.

"அது எங்க போனாலும் பரவால்ல மல்லி. நீங்க மட்டும் எங்கேயும் போக வேணாம்."

மடவளையில் ஆளில்லாத ஊர்வலம்

மடவளையில் ஒரு ஹாஜியார் வீட்டுக் கல்யாணம். பெண்கள் பக்கம் கெமரா போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். மாப்பிள்ளை தெரு வழியாக நடந்து வருவதை மட்டும் மேலிருந்து எடுக்க வேண்டும். தெருவில் ஒரு நூறு பேராவது இருப்பார்கள். நான் ட்ரோனை ஏற்றி, திரையைப் பார்த்தேன். தெருவில் மாப்பிள்ளை மட்டும் நடந்து வருகிறார், பின்னால் ஒரு பூனை.

மெஷினில்தான் கோளாறு என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், நிஜத்திலும் அப்படித்தான். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஜன்னல் வழியாக ஒருவர் என்னைப் பார்த்து, நீயும் உள்ளே வா என்று கையைக் காட்டினார். கொரோனா ஊரடங்கின்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க இந்தத் தெருக்களுக்கு மேலே ட்ரோன் சுற்றியதாம். அன்று பழகிய கால்கள், சத்தம் கேட்டதும் தாமாகவே வீட்டுக்குள் போயிருக்கின்றன. உள்ளே போன பிறகுதான் பாதிப்பேருக்கு இது கல்யாணம் என்ற ஞாபகமே வந்திருக்கிறது. ஹாஜியாருக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னத்தச் செய்ற மகன்? சாப்பாடு வெச்சி ஈக்குது, அதுக்கும் நிக்காம ஓடிட்டாங்களே!"

கடுகண்ணாவைப் பனிப்போர்

கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கல்யாணமா என்றேன். இல்லையாம். பக்கத்து வளவுக்காரர் மதிலுக்குப் பின்னால் என்னமோ கட்டுகிறாராம், ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துத் தர வேண்டுமாம். அடுத்தவன் முற்றத்தை எட்டிப் பார்ப்பது குற்றம், என் லைசன்ஸ் போய்விடும் என்று விளக்கினேன். முதலாளி விடவில்லை. "கவர்மெண்டு மேல இருந்து பாத்தா பாதுகாப்பு, நான் பாத்தா மட்டும் குத்தமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வளவுக்காரரே அழைத்தார். அவருக்கு முதலாளியின் கடைக்குப் பின்பக்கத்தை மேலிருந்து பார்க்க வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி என்னதான் ஐயா பிரச்சினை என்று கேட்டேன்.

"பிரச்சினை ஒண்ணும் இல்ல தம்பி. அவர் உங்களக் கூப்பிட்டது எனக்குத் தெரியும். அவர்கிட்ட ஒரு படம் இருந்தா எங்கிட்டயும் ஒண்ணு இருக்கணும்ல?"

தவம் அண்ணனின் கால்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, துஷா கேட்டுக்கொண்டது உறுத்திக்கொண்டிருந்ததால், ப்ளேன் டீயோடு போய்த் தவம் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். பத்து நிமிஷம் கூட இல்லை, பிள்ளை ஆசைப்படுகிறாள், வெளியே வந்து நடந்தால் என்ன அண்ணே என்றேன்.

அவர் கோபப்படவில்லை. யுத்தக் காலத்தில் வன்னிக்கு மேலே ஆளில்லாத விமானம் சுற்றும், சனங்கள் அதை வண்டு என்பார்கள் என்றார். முதலில் வண்டு வந்து பார்க்குமாம், பிறகு மற்றது வருமாம். மற்றது எது என்று நான் கேட்கவில்லை. துஷா கைக்குழந்தையாக இருந்தபோதே மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு கண்டிக்குத் தாய்வீடு வந்துவிட்டார். இவர் வந்துசேரப் பல வருஷம் ஆனது. அதனால் மகளுக்கு அந்தச் சத்தம் தெரியாது, தெரியவும் கூடாது என்றார். இத்தனை வருஷம் பக்கத்துக் கதிரையில் இருந்த மனிதரிடம் இதைக் கேட்காமலே இருந்துவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"உம்மட மெஷின் நல்ல மெஷின்தான் தம்பி. அது என்ர மண்டைக்கு விளங்குது. காலுக்குத்தான் விளங்கேல்லை."

குண்டசாலையில் முகூர்த்தம்

முகூர்த்தம் பத்து மணிக்கு, குண்டசாலையில் மண்டபம். நாலு கடிதமும் பையில் பத்திரமாக இருந்தன. தவம் அண்ணன் வராவிட்டால் துஷாவின் தாய்மாமனையாவது நடக்க வைப்போம் என்று நினைத்திருந்தேன். எட்டரைக்குச் சார்ஜன் அழைத்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ பெரிய விருந்தாளி கண்டிக்கு வருகிறாராம், பின்னேரம் வரைக்கும் தனியார் ட்ரோன் எதுவும் கிளம்பக்கூடாதாம். "இன்னைக்கு ஆகாயம் பூட்டு மல்லி" என்றார், பாவம், அவருக்கே கவலை. துஷாவிடம் போய்ச் சொன்னேன். "பரவால்ல அங்கிள்" என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் தவம் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ட்ரோன் இல்லை என்று கேட்டதும் புது வேட்டி சரசரக்க முன்னுக்கு வந்து, "அப்ப நானே கூட்டிக்கொண்டு வாறன்" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரம் முன்னே போக இருவரும் நடந்தார்கள். நான் கைக் கெமராவோடு பின்னுக்கு நடந்தேன். முற்றத்தில் பாதி தூரம் வந்திருப்பார்கள், மேலே ரீங்காரம் கேட்டது. என்னுடையது பெட்டியில் தூங்குகிறது. இது அதைவிடப் பெரியது, அதைவிட உயரத்தில் போவது. விருந்தாளியின் பாதுகாப்புக்காகச் சுற்றுகிற படையினரின் ட்ரோன்.

வடக்கிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். தவம் அண்ணனின் கால் நின்றுவிட்டது. துஷா அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை மாதம் என் உயிரை வாங்கிய பிள்ளை, "உள்ள போயிரலாம்பா, எனக்குப் படம் வேணாம்" என்று அவர் கையை இழுத்தாள். அவர் போகவில்லை. மகள் தலையிலிருந்து நழுவிய பூச்சரத்தை மற்றக் கையால் சரிசெய்துவிட்டு, அந்த வெயிலில் அண்ணாந்து பார்த்தார்.

"நில்லு பிள்ளை. இவ்வளவு காலமும் ஓடி ஓடி ஒளிச்சதில என்னை ஒருநாளும் வடிவா எடுத்திருக்கமாட்டாங்கள். இண்டைக்கு நல்ல வேட்டி கட்டியிருக்கிறன், மேல பார்."

ஆக, என் வாழ்நாளில் நான் எடுக்காமல் விட்ட ஆகச் சிறந்த கல்யாணப் படம் படையினரின் ஏதோவொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதில் ஒரு கொப்பி கேட்க எந்தப் படிவத்தை நிரப்புவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.