வேலி பார்ப்பவரின் ‘இல்லை’

ஒன்பது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்களில் ஒன்பது சரியென்றால் புதிய அரசியல் சட்டம் அமலுக்கு வரும். எல்லா மாநிலங்களுக்கும் மேலே ஒரு மத்திய அரசு உட்காரும். 1788இல் அந்த ஒன்பதாவது இடத்தில் எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் போய் நின்றது. பெரிய மனிதர்கள் பேசியதெல்லாம் அச்சில் வந்துவிட்டது. ஜோத்தாம் பிளாஞ்சர்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜோத்தாம் ஆல்டன்ஃபோர்டில் விவசாயி. கொஞ்சம் ஆப்பிள் மரம், மாடுகள், கல்லும் மண்ணும் சரிபாதியான நிலம். இங்கிலாந்து ராஜாவை எதிர்த்த பென்னிங்டன் சண்டையில் பீரங்கிச் சத்தம் அவருடைய இடது காதைத் தின்றுவிட்டது. ஊர் அவருக்குக் கொடுத்த பொறுப்பு வேலி பார்ப்பது. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே கல்வேலியை யார் கட்டுவது என்று தகராறு வந்தால் அவர் போவார். எல்லையின் நடுவில் இருவரையும் எதிரெதிரே நிறுத்துவார். அவரவர் வலது கைப்பக்கம் அவரவர் பொறுப்பு. அடுத்தவன் பாதியில் ஒரு கல்லைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அந்த நிதானத்துக்காகவே ஊர்க்கூட்டம் அவரை, புதிய சட்டத்தை ஏற்பதா என்று ஓட்டெடுக்கும் எக்ஸெட்டர் மாநாட்டுக்கு அனுப்பியது. அனுப்பும்போதே கையைக் கட்டியும் அனுப்பியது: ‘இல்லை’ என்றுதான் ஓட்டுப் போட வேண்டும். எங்கள் ஊர்களில் அது வழக்கம். பிரதிநிதி ஊரின் வாய். தலை ஊரிடமே இருக்கும்.

ஜோத்தாமும் ‘இல்லை’ கட்சிதான். எங்கோ தூரத்தில் உட்கார்ந்து வரி போடப்போகிறவன் எதோடு நிற்பான் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லையே என்பது அவர் கவலை. ஆனால் எக்ஸெட்டரில் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க மனசு மாறியது. ஒவ்வொரு மாநிலமும் இஷ்டத்துக்குக் காகிதப் பணம் அடிப்பதும், பக்கத்து மாநிலச் சரக்குக்குச் சுங்கம் போடுவதும் எத்தனை நாள் ஓடும்? பக்கத்து மாசசூசெட்ஸ்காரர்கள் ஒரு வழி காட்டியிருந்தார்கள். சம்மதிப்போம், கூடவே திருத்தமும் கேட்போம். வெளிப்படையாக மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் எல்லாம் மாநிலத்திடமே இருக்கட்டும். அட, வலது கைப்பக்கம், என்று ஜோத்தாமுக்குப் பட்டது.

அவரைப்போலக் கை கட்டப்பட்டு மனம் மாறியவர்கள் இன்னும் பலர். அதனால் மாநாட்டை ஜூனுக்கு ஒத்திவைத்து, ஊரிடம் கேட்டுக் கட்டை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

மார்ச் ஊர்க்கூட்டத்தில் ஜோத்தாம் எழுந்தார். “என்னைய அவுத்து விடுங்கய்யா. ‘சரி’ன்னு சொல்ல விடுங்க.”

அவர் மனைவி ஹல்டாவின் தம்பி சேத் இடது பக்கத்திலிருந்து கத்தினான். “மச்சான், ஒரு ராஜாவ வெரட்ட ஒரு காதக் குடுத்தீங்க. இப்ப இன்னொரு ராஜாவுக்கு அடுத்த காதா?”

கூட்டம் சிரித்தது. யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் ஜோத்தாம் சுற்றிப் பார்த்தார். சேத் இன்னொரு தடவை கத்தினான்.

“நல்ல காதுப் பக்கம் வந்து பேசுடா. ராஜா இல்ல, வேலி. அவன் பாதி அவனுக்கு, நம்ம பாதி நமக்கு.”

“அவன் வேலியத் தாண்டுனா யாரு வந்து பாப்பா? நீங்களா?”

ஓட்டுக்கு விட்டார்கள். சரியென்பவர்கள் மேற்குச் சுவர் ஓரம், இல்லையென்பவர்கள் கிழக்குச் சுவர் ஓரம் என்றார்கள். எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. மேற்கே ஜோத்தாமும் நாலைந்து பேரும்.

“வேற ஆள அனுப்பச் சொல்லுங்களேன்” என்றாள் ஹல்டா.

“சொன்னேன். நீதான் போவணும், நீதான் பேச்சு மாறமாட்டங்கிறானுங்க.”

ஜூனில் கான்கார்டில் மாநாடு கூடியது. ஓட்டு நாளில் பக்கத்து ஊர்ப் பிரதிநிதி அமோஸ் தர்பர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்கும் அதே கட்டு, அதே மனமாற்றம்.

“யோவ் ஜோத்தாம், ஒரு வீட்டுல விருந்து. வறுத்த கறி, ரம்மு. சாப்பிட்டுட்டு மெதுவா வருவோம். ஓட்டு முடிஞ்சிருக்கும். ஊரு பேச்சையும் மீறல, சட்டத்தையும் கெடுக்கல.”

“ஊரு என்னைய சாப்பிட அனுப்பலையே.”

“உனக்குச் சட்டம் ஜெயிக்கணுமா, வேணாமா?”

“ஜெயிக்கணும்.”

“அப்புறம் என்னய்யா?”

ஜோத்தாம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மேல வரப்போறவன் குடுத்ததுக்கு மேல ஒரு கல்லத் தொடக்கூடாதுங்கிறேன். எனக்கு ஊரு குடுத்தது ‘இல்ல’ மட்டுந்தான், அமோஸ்.”

“பைத்தியக்காரா. உன் பங்குக் கறியையும் நானே திங்கறேன்.” அமோஸ் போய்விட்டார்.

ஜோத்தாமின் பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. முதல் தடவை நிஜமாகவே காதில் விழவில்லை. இரண்டாவது தடவை எழுந்தார். தொண்டையைச் செருமினார். “இல்லை” என்றார்.

சட்டம் ஜெயித்தது. ஒன்பதாவது மாநிலம் நாங்கள். அவர் ஆசைப்பட்ட திருத்தக் கோரிக்கையும் கூடவே போனது. தோற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டு வெளியே வந்தபோது, அவர்கள் நடுவில் ஒரு ஒற்றைக் காதுக்காரர் தொப்பியைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்.

சாகிறவரை வேலி பார்த்தார். சேத்தே தன் வேலித் தகராறுக்கு அவரைத்தான் கூப்பிட்டான்.

அன்றைக்கு ‘இல்லை’ என்றவர்கள், அவரையும் சேர்த்து: நாற்பத்தேழு.