வாய் தா

திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிதில், வாய்தா என்ற சொல்லை வாய், தா என்று பிரித்து வைத்திருந்தேன். வாயைத் தா, பேசு. வராந்தாவில் நின்று பெயர் கூப்பிடும் டவாலிக்காரர், கோட்டைப் பக்கத்து முஸ்லிம், கேட்டுச் சிரித்தார். "அது அரபுங்க. வாக்குக் கொடுக்கிறதுன்னு அர்த்தம்."

அந்த மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வீட்டு வழக்கு வந்தது. தம்பி கொடுத்த மனுவில், வடக்கே யாத்திரை போன தமையனார் ஆசாரியன் திருவடி அடைந்தார் என்றிருந்தது. நான் ஆற்றுக்கு இக்கரை, சைவன். குருவிடம் போய்ச் சேர்ந்தார் என்று இங்கிலீஷில் எழுதினேன். வெள்ளைக்கார ஜட்ஜ் அந்தத் தமையனாரை நேரில் வரச் சொல்லி சம்மன் அனுப்பிவிட்டார். வைணவர் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு மரணம் என்று பொருள்.

வாய்தா அன்று சம்மனோடு அவருடைய மனைவி வந்து நின்றார். மூன்று மாதம் முன்பு காசியிலிருந்து வந்த ஒரு தபால் கார்டை நம்பித் தாலி கழற்றிய கழுத்து. உடலை ஊரில் யாரும் பார்க்கவில்லை.

"இல்லாதவாளுக்கு சர்க்கார் கடுதாசு போடுமோ?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் தரவில்லை.

டவாலிக்காரர் கூப்பிட்டார். முதல் தரத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் அடங்கின. இரண்டாம் தரத்தில் வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள். பதினொரு மணி வெயில். மூன்றாம் தரம், அந்தப் பெயர் மதில்வரை போய்த் திரும்பியபோது, படியேறி வந்த யாரோ ஒருவரின் மூச்சு அதில் கலந்திருந்தது. வாசலில் யாருமில்லை. ஜட்ஜ் வேறு தேதி கொடுத்தார்.

பின்னாலேயே ஓடி, தப்பு என்னுடையது என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தப்பு உங்களோடதா இருக்கட்டும். குரல் அவரோடது. வரேன்னார். அடுத்த வாய்தா என்னிக்கு?"

பிழையைத் திருத்திக் கொடுத்தேன், சம்மன் ரத்தானது. ஆனாலும் அந்தத் தேதியில் அந்த அம்மாள் வந்து நின்றார். பட்டியலில் கணவர் பெயர் இல்லை. ஒரே ஒரு தரம் கூப்பிடச் சொல்லி டவாலிக்காரரைக் கெஞ்சினார். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். நெஞ்சிலிருந்த பித்தளை வில்லையைப் பிடித்தபடி நின்றார்.

"அன்னிக்கு அந்தக் குரலை நானும் கேட்டேங்க."

வெளியே அந்த அம்மாள் வாசலைப் பார்த்து, தானே கணவரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அதுவரை ஒருநாளும் தம் வாயால் சொல்லியிராத பெயர். ஒன்று. இரண்டு.