தெமெங்கோர் ஏரிக்கு இரண்டு சைக்கிள்

நாள் முழுக்கச் சைக்கிள் மிதிப்பவன், லீவு போட்டுச் சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கே வந்தது. எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் எனக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. சிலிபின் பகுதியில் வீடு வீடாக இறங்கி, குனிந்து, மூடியைத் திறந்து, எண்ணை எழுதிக்கொண்டு, நாய் துரத்தினால் ஓடி, மறுபடி ஏறி மிதிக்க வேண்டும். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காது. அப்படி அலுத்துக் கிடந்த காலத்தில்தான் அந்தக் காலண்டர் வந்தது.

சைக்கிள் கடை முதலாளி, சீனத் தவுக்கே, கொடுத்தது. அதில் ஒரு மாதத்துக்கு இத்தாலி நாட்டு ஏரிப் படம். சுற்றிலும் மலை, மலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலை, அதில் சைக்கிள் மிதிக்கும் ஒருத்தன். அவனை யாரும் வேலைக்கு அனுப்பவில்லை, அவன் எந்த வீட்டு மீட்டரையும் பார்க்கப் போகவில்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. மாதம் முடிந்தும் தாளைத் திருப்பவில்லை. முழங்கால் முழுசாகக் கெட்டுப்போவதற்குள் ஒரு தடவையாவது எனக்காக மிதித்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மச்சானிடம் சொன்னேன். மனைவியின் தம்பி. கோப்பெங் பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை.

“இத்தாலிக்கு எங்க போறது மச்சான்? கிரிக் தாண்டி தெமெங்கோர் ஏரி இருக்கு லா. அங்கயும் மலைதான், அங்கயும் தண்ணிதான். போலாம்” என்றான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. முதல் நாள் கோலகங்சார், அடுத்த நாள் லெங்கோங், பிறகு கிரிக், அங்கிருந்து புதிதாகப் போட்ட மலைச்சாலை. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்த காலம் என்பதால் இருட்டும் முன்பே அந்தச் சாலையை மூடிவிடுவார்கள், அதற்குள் ஏரியைப் பிடிக்க வேண்டும். வளைவுகளை அளக்க நூல் வேண்டியிருந்தது. மனைவி தன் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவளும் என்னைப் போலச் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை விற்கும் வரை பத்து வருஷம் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். ஒரு நாள் உள்ளே இருந்தபடியே, “கிரிக்லேர்ந்து ஏரி வரைக்கும் எத்தனை மேடு இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஒனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?” என்றான் தம்பி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

போர்வையும் பாத்திரமும் கட்டிக்கொண்டு போக அகலமான கேரியர் தேவைப்பட்டது. அவள் தோட்டத்தில் பால் வாளி ஏற்றிய பழைய சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. அதன் கேரியரைக் கழற்றி என் சைக்கிளில் மாட்டினேன். கழற்றும்போது செயினிலிருந்து கையில் புது எண்ணெய் ஒட்டியது. துணியில் துடைத்துக்கொண்டேன்.

மச்சான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன். மேடு ஏறுவது என்றால் அவனுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். “பத்து நாளு வெரதம் இருக்கணும் மச்சான். ஒரு வேளைச் சாப்பாடு. கெளம்புற அன்னிக்கு வெறும் வயிறு. அன்னன்னிக்கிப் போய்ச் சேர்ற வரைக்கும் வாயில ஒண்ணும் படக்கூடாது. அப்பத்தான் ஒடம்பு லேசா இருக்கும்.”

எனக்கு அது கொஞ்சமும் தப்பாகப் படவில்லை. அப்படி ஏறியவர்களைத்தானே சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பத்து நாளும் மீட்டர் பார்த்துக்கொண்டே விரதமும் இருந்தேன்.

ஒத்திகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றோடு கோப்பெங்குக்குக் கிளம்பினோம். ஊர் நெருங்கும்போது ஒரு மேடு. பெரிய மேடு என்று சொன்னால் கோப்பெங்காரர்கள் சிரிப்பார்கள். பாதியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, சைக்கிளோடு புல்லில் சாய்ந்தேன். தூக்க வந்த மச்சானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். காய்கறி லாரிக்காரர் ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் கூடைகளுக்கு நடுவில் ஏற்றிவந்து வீட்டு வாசலில் இறக்கினார்.

மனைவி சீனியை அள்ளிப் போட்டுக் கோப்பி கலக்கினாள். ரொட்டியை வைத்தாள். நாங்கள் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பத்து வருஷம் பால் வாளியோட மேட்டுல தள்ளியிருக்கேன். ஒரு நாளாச்சும் பசியாறாமப் போனேனா? காவடிக்குச் சாமி வரும். சைக்கிளுக்கு யாரு வருவா?”

அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றோம். அதற்குள் மச்சான் வேலை பார்த்த சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அவன் ஜொகூருக்கு வேலை தேடிப் போனான். தனியாகப் போக எனக்குத் தெம்பில்லை. வரைபடத்தை நூலோடு மடித்து அலமாரியில் வைத்தேன். முழங்கால் அந்த வருஷமே முந்திக்கொண்டது. டாக்டர் சைக்கிளைத் தொடாதே என்றார், ஆபீசில் உட்கார வைத்தார்கள். காலண்டரையும் ஒரு நாள் கிழித்துப் போட்டேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகக் கோத்தா பாருவுக்கு நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் அவள். கிரிக் தாண்டியதும் அந்த மலைச்சாலையின் மேடு தொடங்கியது.

“இங்க எறங்கித் தள்ளணும்” என்றாள். கொஞ்ச தூரம் போய், “இது மிதிச்சிரலாம்” என்றாள். அடுத்த வளைவில், “இங்க தண்ணி குடிச்சிட்டு ஏறணும்.”

என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு மேட்டையும் முன்சக்கரம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நீயும் வர்றதா இருந்தியா?” என்று கேட்டேன்.

“செயினுக்கு எண்ண போட்டு, காத்தடிச்சு வெச்சிருந்தேன். நீங்க கேரியரைக் கழட்டிட்டுப் போயிட்டீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. அத்தனை சாயங்காலமும் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே சமைத்தவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாலம் வந்தது. இரண்டு பக்கமும் ஏரி. பாலம் முடிந்து பஸ் முனகிக்கொண்டு மறுபடி ஏறத் தொடங்கியபோது, “இது தள்ளணுமா, மிதிக்கலாமா?” என்று கேட்டேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, “இனிமே என்னா” என்றாள்.